நாகப்பட்டினம் துறை, 50/50

தாளை மரக்கட்டையின் மேல் விரித்தாகிவிட்டது, இனி அசையக் கூடாது. நூலளவு நகர்ந்தாலும் போச்சு. வானம் இரண்டாகத் தெரியும், கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில் இன்னொரு கலங்கரை விளக்கம் மங்கலாக முளைக்கும், ஒரு வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஜப்பான் தாள் குப்பைக்குப் போகும். மங்கையர்க்கரசி இடது கை விரல்களைத் தாளின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு வலது கையில் கரண்டியை எடுத்தாள். சாம்பார் பரிமாறுகிற எவர்சில்வர் கரண்டிதான். கல்யாணச் சீரோடு வந்தது, அடுப்படிப் பக்கமே போகாமல் அச்சு எடுத்து எடுத்தே முதுகு தேய்ந்தது. அந்த முதுகால் தாளைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும், கட்டையில் உருட்டியிருக்கும் மை தாளுக்கு ஏறும். எந்திரம் வைத்திருப்பவர்கள் ஒரு சுற்றில் முடித்துவிடுவார்கள். அவளுக்குக் கைதான் எந்திரம், முன்பெல்லாம் ஒரு அச்சுக்கு நாற்பது நிமிஷம், அறுபத்தேழு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மின்விசிறியை நிறுத்தியிருந்தாள், தாள் பறக்கக் கூடாதே. கழுத்தில் வேர்வை இறங்கியது. மணி இரண்டரை. நாலு மணிக்குக் கோவர்த்தனன் வந்துவிடுவார். அவளுடைய நாற்பத்துநாலு வருஷ வேலைகளை வரிசையாக மாட்டி ஒரு கண்காட்சி வைக்கப்போகிற கேலரிக்காரர், நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதி. ஒரு கட்டையிலிருந்து ஐம்பது அச்சுதான் எடுப்பேன் என்று எண் போட்டு வாக்குக் கொடுத்துவிட்டால், ஐம்பதாவது எடுத்த கையோடு கட்டையின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடு விழுந்த கட்டையிலிருந்து ஒரே ஒரு அச்சு எடுத்து, பாருங்கள், இனி இதிலிருந்து எதுவும் வராது என்று சாட்சியாக வைக்க வேண்டும். நாற்பத்தொன்பதாவது அச்சு எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்போதிருந்து தாள் கிடைக்கவில்லை, மை சரியில்லை, மணிக்கட்டு வலி, கண்ணில் புரை என்று ஏதாவது ஒரு சாக்கு. கோவர்த்தனனும் சளைக்காமல் தாள் வாங்கித் தந்தார், கண் அறுவைக்கு டாக்டரைச் சொன்னார், இனிமேல் சொல்லச் சாக்கு இல்லை.

வானத்திலிருந்து ஆரம்பித்தாள். வானம் சுலபம், மெல்லிய கோடுகள், மை குறைவு, கரண்டியை அழுத்தாமல் ஓட விட்டால் போதும். தாள் மெல்லியது, தேய்க்கத் தேய்க்க முதுகுப்பக்கம் படம் நிழலாடும். கலங்கரை விளக்கம் வந்தது, சுங்கச்சாவடிக் கொட்டகையின் ஓட்டுக் கூரை வந்தது, தூரத்தில் அரிசி அளவுக்குப் பினாங்குக் கப்பல் வந்தது. அதற்குக் கீழே துறையின் படிக்கட்டு, வெங்காய மூட்டைகள், மூட்டை தூக்குகிறவர்கள் ஏழு பேர், கரையில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும் தோணிகள். எல்லாரையும் தாண்டி, கடைசிப் படியில் தனியாக ஒரு ஆள். சுண்டுவிரல் நீளம்தான் இருப்பான். உடம்பு முழுக்கக் கறுப்பு, ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. கரண்டி அங்கே போகவில்லை. போகாது, எப்போதும் அவனைக் கடைசிக்குத்தான் வைப்பாள், நாற்பத்தொன்பது தடவையும் அப்படித்தான். மரச்செதுக்கில் கறுப்பு என்பது தொடாமல் விட்ட இடம். உளி பட்ட இடமெல்லாம் தாளில் வெள்ளை, படாத இடமெல்லாம் கறுப்பு. அந்த ஆள் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அவனை இன்னும் செதுக்கவில்லை என்பதுதான். ஊர் உலகத்துக்கு இது தெரியாது. டில்லியில் பரிசு கொடுத்தபோது நடுவர்கள் அந்தக் கறுப்பைப் பற்றித்தான் எழுதினார்கள், துறைமுகத்தின் நடுவில் ஒரு இன்மை நிற்கிறது என்றார்கள். ஒருவர் அது மரணம் என்றார். இன்னொருவர், அது நாடு விட்டு நாடு போன கூலித் தமிழனின் முகமற்ற முகம் என்று எட்டுப் பக்கத்துக்கு எழுதித் தள்ளினார். மங்கையர்க்கரசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வேலை முடியவில்லைங்க, பாக்கி இருக்கு என்று பரிசு வாங்கின கையோடு எப்படிச் சொல்வது? அன்று வாயை மூடியவள்தான், பிறகு திறக்கவே இல்லை. இன்று நாலு மணிக்குக் கோடு விழுந்துவிட்டால் அவன் இனி ஒருநாளும் முடிய மாட்டான், இப்படியே கரியாக நிற்பான், அவள் போன பிறகும் நிற்பான். அதை நினைத்ததும் விரல் கொஞ்சம் அசைந்தது, தாளின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பெயர் இன்னாசி. ஞானஸ்நானப் பெயர் இன்னாசிமுத்து, அவ்வளவு நீளமாக யாரும் கூப்பிட்டதில்லை. இருவரும் நாகப்பட்டினத்துக்காரர்கள், கும்பகோணத்து ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பு. ரயிலில் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தாலும் ஊர்க்கண்ணுக்குப் பயந்து வேறு வேறு பெட்டியில் ஏறினார்கள். கல்லூரியில் ஏறக்குறையக் கடைசிவரைக்கும் நீங்க, வாங்க, போங்கதான். கடைசி மாதத்தில் ஒருநாள் அவன் இரண்டு கையாலும் ஒரு கட்டையைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான், பாலாடை நிறத்தில், பலகை போல நீளவாக்கில் அறுக்காமல் அடிமரத்தைக் குறுக்கே அறுத்துத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்த சீமைக் கட்டை. தரங்கம்பாடியில் மூடிப்போன ஓர் அச்சகத்தின் பழைய சாமான்களில் கிடைத்ததாம். அதில் யாரோ ஒரு குடை விளம்பரம் செதுக்கி வைத்திருந்தார்கள், அந்தக் குடையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்து எடுத்தானாம். "இது உனக்கு" என்றான். அந்த உனக்கு காதில் விழுந்ததும் அவளுக்குக் காது மடல் சுட்டது. இப்போதும், இந்தச் சாலிகிராமத்து இரண்டாம் மாடியில், கீழ்வீட்டுக் குக்கர் கத்துகிற இந்த மத்தியான வேளையில், மடல் லேசாகச் சுட்டது. கரண்டி கொட்டகையின் கூரைமேல் நின்றுவிட்டிருந்தது. ஒரே இடத்தில் நின்றால் அங்கே மட்டும் மை அதிகமாக ஏறிவிடும், வயதுக்கு ஏற்ற புத்தி வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி வட்டம் போட ஆரம்பித்தாள்.

தண்ணீர் வந்தது. படத்தில் பாதி தண்ணீர்தான், கடுவையாறு கடலோடு சேருகிற இடத்தில் எழும்பும் சிற்றலைகள், நூற்றுக்கணக்கில் இல்லை, ஆயிரக்கணக்கில் கீறல்கள். இன்னாசியின் மாமா பினாங்கில் அச்சகம் வைத்திருந்தார், ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார். டிக்கெட் வந்தது. அப்போது அவள் கட்டையில் துறையைச் செதுக்கிக்கொண்டிருந்தாள், தண்ணீரும் கடைசிப் படியில் நிற்கும் ஆளும்தான் பாக்கி. அந்த ஆள் இன்னாசி என்று அவனுக்கும் தெரியும். முகத்தைக் கடைசியில் செதுக்குகிறேன், நீ துறையில் நிற்கும்போது பார்த்து வரைந்துகொள்கிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள். மாதா கோயில் வாசலில், சைக்கிளின் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனுமாக நின்றபோது அவன் சொன்னான், "வியாழக்கெழம கப்பல். நீ வந்து நிக்கணும் மங்கை. நோட்டு, பென்சிலு எதுவும் எடுத்துட்டு வராத. சும்மா வந்து நில்லு." சரி என்றாள். சொல்லிவிட்டுப் பைக்குள் நோட்டையும் பென்சிலையும் வைத்தாள். வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், சனிக்கிழமைக்குள் டில்லிப் போட்டிக்கு அச்சைத் தபாலில் போட வேண்டும், காலையில் உட்கார்ந்தால் தண்ணீரைக் கொஞ்சம் முடித்துவிடலாம் என்று லென்ஸுக்குக் கீழே குனிந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. இதை, செதுக்குகிறவர்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் சமாதானம் போலத்தான் இருக்கும். லென்ஸுக்குக் கீழே உலகம் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். அந்த வட்டத்துக்குள் ஒரு அலை முடிந்தால் அதன் ஓரத்தில் அடுத்தது பாதியில் நிற்கும், அதை மட்டும் முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றும், அது முடியும்போது இன்னொன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கீறல், மூச்சை விட்டு ஒரு கீறல். தூரத்தில் சங்கு ஊதியது காதில் விழுந்தது, அதுகூட விழுந்தது, ஆனால் கப்பல் சங்கு நாகப்பட்டினத்தில் புதிதா என்ன? நிமிர்ந்தபோது சன்னல் வெளிச்சம் இடம் மாறியிருந்தது. அப்பா சுங்க அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பினாங்குக் கப்பல் போயிடுச்சு. இந்தத் தடவ கூட்டம் கம்மி" என்று அம்மாவிடம் சொன்னார். பை வாசற்படிக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. தண்ணீர் பிரமாதமாக வந்திருந்தது.

அவன் திட்டி எழுதவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் தாங்க முடியாதது. முதல் கடிதத்தில் கப்பலில் எல்லாருக்கும் வாந்தி, மாமாவின் அச்சகத்தில் பிஸ்கட் டப்பாவுக்கு லேபிள் அடிக்கிறேன், மழை தினமும் பெய்கிறது என்று எழுதியிருந்தான். அவள் வராததைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாவது கடிதம் இன்னும் சின்னது. படம் முடிந்ததா, மங்கை? அதற்குள் டில்லியில் பரிசு அறிவித்துவிட்டார்கள், கறுப்பு ஆளோடு போன அச்சுக்கு. இனி உளி வைத்தால் அது பரிசு வாங்கின படமாக இருக்காது. நான் அங்கே வருகிறேன் என்று நாலு வரி எழுதிக் கிழித்தாள், வரட்டுமா என்று இரண்டு வரி எழுதிக் கிழித்தாள், கடைசியில் பரிசு கிடைத்தது என்று மட்டும் எழுதி, ஒன்று கீழ் ஐம்பது என்று பென்சிலால் எண் போட்ட முதல் அச்சை அட்டைக்குழாயில் சுருட்டிப் பினாங்குக்கு அனுப்பினாள். அவனுக்குக் கொடுக்கத் தன்னிடம் இருப்பதில் உசத்தியானது அதுதான் என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தாள். மூன்றாவது கடிதம் வரவில்லை. ஒரு மாதம் தபால்காரரைப் பார்த்தாள், ஒரு வருஷம் பார்த்தாள், பிறகு பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் பார்த்தாள். குழாய் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. சேரவில்லை என்றால் நிம்மதி, சேர்ந்திருந்தால்தான் பயம். அவன் அதைப் பிரித்து மேசையில் விரிக்கிறான், நாலு மூலைக்கும் ஏதாவது பாரம் வைக்கிறான், கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிறான், மூட்டை தூக்குகிற ஏழு பேருக்கும் கண், மூக்கு, தலைப்பாகைத் துணியின் மடிப்புவரை இருக்கிறது, பிறகு கடைசிப் படியில் தன்னைப் பார்க்கிறான். தன்னை மட்டும் கரியாக்கி வைத்திருக்கிறாள். வேண்டுமென்றே அழித்துவிட்டாள் என்று நினைத்திருப்பானோ? உன்னை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, உனக்காக இடம் விட்டு வைத்திருக்கிறேன் என்று அந்தக் கறுப்பு அவனுக்குச் சொல்லியிருக்குமா? அவனும் செதுக்குகிறவன்தானே, புரிந்துகொண்டிருப்பான். புரிந்துகொண்டிருந்தால் ஏன் எழுதவில்லை? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு கரண்டியைப் போலவே சுற்றிச் சுற்றி ஒரே வட்டத்தில் நிற்கும், நாற்பத்துநாலு வருஷத்தில் இதற்கு மேல் ஓர் அடிகூட நகர்ந்ததில்லை.

மணிக்கட்டை உதறிக்கொண்டாள். தோணிகள் முடிந்தன, படிகளுக்கு வந்தாயிற்று. கணவர் சாம்பசிவம் இருந்தால் இந்நேரம் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து, தாளில் சிந்திவிடுவாரோ என்று அவள் பதற, வாசலிலேயே நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். மின்சார வாரியத்தில் பொறியாளர், ஒன்பது ஊருக்கு மாற்றல் ஆனார், ஒன்பது ஊருக்கும் இந்தக் கட்டையைத் தன் பட்டுவேட்டியில் சுற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார், லாரியில் ஏற்ற விடவில்லை. அப்படிப்பட்ட மனிதர். இரண்டாம் எண் அச்சு கூடத்தில் தொங்கியது. கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும், திருச்சியில் இருந்தபோது ஒரு காலை, தோசையைப் பிட்டுக்கொண்டே படத்தைப் பார்த்து, "இவன் என்னைக்குத்தான் இந்தப் பக்கம் திரும்பப் போறான்?" என்றார். சும்மா கிண்டல்தான். தோசைக்கல்லின் முன்னாலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறான் என்று இவர் நினைத்திருக்கிறார். இத்தனை வருஷமும் அவளைப் பொறுத்தவரை அவன் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான், துறைக்கு வருகிற சாலையைப் பார்த்து, அவள் வருகிறாளா என்று. வேறு விதமாகப் பார்க்க முடியும் என்பதே அவள் புத்திக்கு எட்டவில்லை. கறுப்பு உருவத்துக்கு முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது? "அவர் இந்தப் பக்கந்தானேங்க பாத்துட்டு நிக்கிறாரு" என்றாள், யோசிக்காமல். சாம்பசிவம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இன்னொரு தோசை கேட்டார். அதற்குப் பிறகு அவர் போகிறவரைக்கும், அது ஆறு வருஷத்துக்கு முன்னால், அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மனசு அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது, அதைத் தெரிந்துகொண்டே ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருந்து முடித்துவிட்டார்கள். அவர்மேல் அவளுக்குப் பிரியம் இருந்தது. ஏக்கம் மட்டும் வேறு இடத்தில் இருந்தது, அதை அவள் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை, அதுவாக இருந்தது.

இனிக் கறுப்பு ஆள்தான். கரண்டியை நிமிர்த்திப் பிடித்து அழுத்தித் தேய்க்க வேண்டும், கெட்டியான கறுப்புக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் விழும். தலை ஒரு பட்டாணி அளவு. அந்தப் பட்டாணிக்குள் ஒரு முகத்தைக் கொண்டுவர அவளால் முடியும், மூட்டைக்காரர்களில் ஒருவனுக்கு அம்மைத் தழும்புகூட வைத்தவள். எத்தனையோ தடவை உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உப்பளம் செதுக்கினாள், தெப்பக்குளம் செதுக்கினாள், ரயில் நிலையங்கள் செதுக்கினாள், நூற்றுப் பத்துக் கட்டைக்கு மேல், எல்லாரும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாகப்பட்டினம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இவ்வளவு கையும் தேறின பிறகு முடியாததா? ஆனால் பயம் கையில் இல்லை. போன வருஷம் மருமகன் வாங்கித் தந்த போனில் அவன் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டினாள், தேடு என்கிற இடத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அறுபத்தெட்டு வயது வழுக்கைத் தலை ஒன்று வந்து நின்றால், தன்னிடம் இருக்கிற முகம் போய்விடும் என்று பயந்தாள். தன்னிடம் முகம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பயந்தாள். அதைச் சரிபார்க்கத்தான் தைரியம் வரவில்லை. கரண்டி அவன் தலைமேல் ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. பிறகு கரண்டியைக் கீழே வைத்து, தாளின் இரண்டு மூலைகளைப் பிடித்து மெதுவாக உரித்தாள். ஐம்பதாவது அச்சு குறை சொல்ல முடியாதபடி வந்திருந்தது. கயிற்றில் கவ்வி போட்டு மாட்டிவிட்டு, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அதன் கீழே நின்றாள்.

கோவர்த்தனன் நாலுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தார். அச்சைப் பார்த்துக் கையைக் கூப்பினார், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கட்டையின் பக்கத்தில், அது சத்தம் போட்டுவிடக் கூடாது என்பது போல வைத்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு போதும், ஆழமாகக்கூட வேண்டாம், எனக்கே பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னார். மங்கையர்க்கரசி ஸ்கேலை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "கோடு வேணாங்க. இந்த ஆளு முடியாம நிக்கிறாரு. அவர முடிச்சிடுறேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. அந்தக் கறுப்பு ஆள் முடிந்துதானே இருக்கிறார் என்றார், அதைப் பற்றித்தானே எல்லாரும் எழுதியிருக்கிறார்கள் என்றார், அட்டைப்படத்துக்கே அந்த ஆளைத்தான் பெரிதாக்கி வைத்திருக்கிறோம் என்றார். இல்லை, இருபத்துமூன்று வயதிலிருந்து பாக்கி என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டது ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு சுலபமாகவா இருந்தது? கட்டையை மாற்றிவிட்டால் பழைய அச்சு யாராலும் எடுக்க முடியாது, உங்களுக்கு வேண்டியது அதுதானே, மாற்றின பிறகு சாட்சிக்கு ஓர் அச்சு எடுத்துத் தருகிறேன், அதற்கப்புறம் தொட மாட்டேன் என்றாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். விதிப்படி சரிதானா என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது, சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

மையைத் துடைத்துக் கட்டையைத் தோல் மெத்தையின் மேல் வைத்து, விளக்கை இழுத்து, லென்ஸைத் தாழ்த்தினாள். காசளவு உலகத்துக்குள் அவன் வந்து நின்றான். உளியின் நுனியைப் பட்டாணித் தலையில், கண் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோனாள். எந்தக் கண்? புருவத்தை நினைத்தாள், அவள் தம்பியின் புருவம் வந்தது. மூக்கை நினைத்தால் சாம்பசிவத்தின் மூக்கு. சிரிப்பை நினைத்தாள், எங்கோ சுவரொட்டியில் பார்த்த யாருடைய சிரிப்போ வந்து உட்கார்ந்துகொண்டது. விலக்கிவிட்டு மறுபடி பார்த்தாள், மாதா கோயில் வாசல் இருக்கிறது, சைக்கிளின் மணி இருக்கிறது, நில்லு என்று சொன்ன குரல்கூட இருக்கிறது, வாய் இல்லை. ஒன்றும் இல்லை. இத்தனை காலமாக அவன் முகத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து அவள் பூட்டிக் காத்தது வெறும் கறுப்பைத்தான். உளியை எடுத்துவிட்டாள். கோவர்த்தனன் எழுந்து வரப்போனார், கையைக் காட்டி உட்கார வைத்தாள். முகத்தைப் பார்த்தது எவ்வளவு நேரம், சொல்லப்போனால்? ரயிலில் வேறு பெட்டி. தெருவில் குனிந்த தலை. நேருக்கு நேர் பார்த்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு நாள் தேறாது. வகுப்பில் அவன் மேசை சன்னலோரம், அவள் மேசை அதற்குப் பின்னால். அப்படி நினைத்தபோதே அது வந்துவிட்டது. கூப்பிடாமல், தேடாமல், முழுசாக வந்தது. பிடரி. காலர் பட்டைக்கு மேலே நாவிதர் நேராக எடுத்த கோடு. நடுவில் ஒரு பள்ளம், குனிந்து வேலை செய்யும்போது அது ஆழமாகும். காலர் மடிப்பு நைந்துபோய் அவனே கோணல்மாணலாகப் போட்ட தையல். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். காது மடலுக்குப் பின்னால் வெயில் பட்டுச் சிவந்து தெரியும் விளிம்பு. ஐந்து வருஷம் வேலையிலிருந்து கண்ணை எடுத்தபோதெல்லாம் பார்த்தது, அவன் திரும்பிவிடுவானோ என்று பயந்து பயந்து ஆசையாகப் பார்த்தது. ஒரு மயிர்கூட மறக்கவில்லை. அதைச் செதுக்கினால் அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடரிக்கு இரண்டு கீறல், காலருக்கு ஒன்று, தையலுக்குப் புள்ளி புள்ளியாக மூன்று, தோள்களுக்கு இரண்டு, காதுக்கு ஒன்று, முதுகில் சட்டை இழுபடும் மடிப்புக்கு இரண்டு. பதினொன்று. நிமிர்ந்தபோது சன்னலைப் பார்த்தாள், வெளிச்சம் அதே இடத்தில்தான் இருந்தது.

மை உருட்டி, தாள் விரித்து, மறுபடி ஒரு மணி நேரம் தேய்த்தாள். இந்தத் தடவை அந்த ஆளிடமிருந்து ஆரம்பித்தாள். கோவர்த்தனன் ஆறின காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளை உரித்து அவர் கையில் கொடுத்ததும் சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"போறாரா மேடம் இவரு?" என்றார். "வர்றாருன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்."

"நானுந்தாங்க" என்றாள் மங்கையர்க்கரசி.